பொழுதடைந்து நட்ட கல்

குஜிலியம்பாறையிலிருந்து தெற்கே போகிற ரோட்டில் ஐந்தாவது கிலோமீட்டரில் ஞானதாஸின் தோட்டம். மொத்தம் ரெண்டே கால் ஏக்கர். அதில் முக்கால் ஏக்கரில் அந்த மாசியில் சின்ன வெங்காயம் நின்றது. நட்டு நாற்பது நாள். காய் திரளுகிற பருவம். அந்த நேரத்தில் நாலு நாளைக்கு ஒரு தண்ணீர் காட்டாவிட்டால் மேலே தாள் மட்டும் நிற்கும், அடியில் ஒன்றும் இருக்காது.

2025 மார்ச் 3, திங்கட்கிழமை பகல் பதினொன்றரை மணிக்கு அந்தத் தோட்டத்து மோட்டார் ரூமுக்குப் பூட்டுப் போட்டார்கள். பூட்டுப் போட்ட விவரத்தைத் தாளில் எழுதியவன் நான். தாலுகா ஆபீசுக்கு எதிரில் உட்கார்ந்து மனு எழுதுவது என் பிழைப்பு. தேதியும் மணியும் போடாமல் எனக்கு எழுத வராது.

தகராறு கிணற்றைப் பற்றியது. கிணற்றுக்குக் கிழக்கே ஞானதாஸ், மேற்கே பொம்மையன். பொம்மையனுக்கு நாற்பது உருப்படி ஆடு. அவருடைய போர் தை மாதமே வறண்டுவிட்டது. டிராக்டரில் தண்ணீர் கொண்டுவந்து தொட்டியில் ஊற்றி ஆடுகளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். எல்லைக் கல் ரெண்டும் தார் ரோடு போட்டபோது ஜேசிபியில் போய்விட்டன. கல் இல்லாத இடத்தில் எல்லை எங்கே என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம் அல்லவா? கிணற்றில் பாதி தன் பட்டாவில்தான் இருக்கிறது என்றார் பொம்மையன். முழுக்கிணறும் தன் அப்பா வெட்டியது என்றார் ஞானதாஸ். கையை ஓங்குகிற அளவுக்குப் போன பிறகு ஊர்ப் பெரியவர்கள் கூடி ஒரு முடிவு சொன்னார்கள். அளந்து பார்ப்பது. கோடு கிணற்றுக்கு மேற்கே விழுந்தால் கிணறு ஞானதாசுக்கு. கோடு கிணற்றைத் தொட்டால் ஆளுக்குப் பாதி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர். அளக்கிற வரைக்கும் யாரும் மோட்டார் போடக் கூடாது. சாவி தலையாரி சோலைமுத்துவிடம்.

"செயின் புடிச்சு அளக்கிறதெல்லாம் வேணாம்" என்று பொம்மையன் முதலிலேயே சொல்லிவிட்டார். "மனுசன் அளந்தா ஆளப் பாப்பான். சாட்டிலைட்டு யாரப் பாக்கும்? அதுல அளந்து சொல்லட்டும், நான் கும்புட்டு ஒத்துக்கறேன்."

ஞானதாசும் சரி என்றார். ரெண்டு நாளில் முடிந்துவிடும் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அவர் மனைவி ரோஸ்மேரி மட்டும் கேட்டாள்: "ரெண்டு நாளுன்னா சரி. எழுதுறவுகளே, அதையும் தாள்ல போடுங்க. ரெண்டே நாளுன்னு."

நான் போடவில்லை. அதற்கு யாரும் பொறுப்பேற்க முடியாது என்று சொல்லிவிட்டேன்.

அளக்க வந்த பையன் பெயர் நியாஸ். திண்டுக்கல் பேகம்பூர். முப்பது வயது இருக்கும். அவன் அத்தா ஜெகபர் அலி தோல் மண்டியில் வேலை பார்த்தவர். இவன் டிப்ளமோ படித்துவிட்டு ஒரு ரோடு காண்டிராக்டரிடம் சர்வேயராக இருக்கிறான். கருவி கம்பெனியுடையது. காலையில் எல்லாம் நாலுவழிச்சாலை வேலைக்குப் போய்விடும். மதியத்துக்கு மேல்தான் அவன் வெளிவேலைக்கு எடுக்கலாம். காலையில் ஏன் ரோட்டு வேலை என்று நான் பிறகு ஒரு நாள் கேட்டேன். "காலையில சீக்கிரம் புடிக்கும்ணே. ஏன்னு நாங்க யாரும் கேட்டதில்ல" என்றான்.

அப்படிக் கருவி கிடைத்து மார்ச் 8, சனிக்கிழமை ரெண்டரை மணிக்கு பைக்கில் வந்து இறங்கினான். ஆளுயரக் குச்சி, அதன் தலையில் வெள்ளைத் தொப்பி மாதிரி ஒன்று. கையில் போன் மாதிரி ஒரு திரை. சாட்டிலைட்டுகளிலிருந்து சிக்னல் அந்தத் தொப்பிக்கு வரும். தூரத்தில் இருக்கிற ஒரு நிலையத்திலிருந்து நெட் வழியாகத் திருத்தம் வரும். ரெண்டும் சேர்ந்து ஒத்துப்போனால் திரையில் பச்சையில் "பிக்ஸ்" என்று விழும். அப்போது நிற்கிற இடம் விரல் அளவுக்குச் சரி. ஒத்துப்போகாவிட்டால் மஞ்சளில் "பிளோட்". மிதந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த அளவை நம்பிக் கல் நடக் கூடாது.

அன்றைக்கு மூன்று மணி நேரமும் பிளோட்.

வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். கிணற்று மேட்டில் கால் வைக்க முடியவில்லை. நியாஸ் குச்சியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றான். ரம்ஜான் மாதம், நோன்பு. எச்சிலைக்கூட விழுங்காமல் உதடு வெடித்து நின்றான். ரோஸ்மேரிக்குத் தவக்காலம். ஒருசந்தி, பொழுதடைந்து ஒரு வேளைதான் சாப்பாடு. அவளும் பாத்தி வரப்பில் நின்றாள்.

"அளக்கிற ஆளும் பட்டினி, வீட்டுக்காரியும் பட்டினி" என்றார் ஞானதாஸ். "மெஷினாச்சும் சாப்ட்டு வந்துச்சாப்பா?"

"பேட்டரி புல்லாத்தான்ணே இருக்கு."

"பின்ன ஏன் மொறைக்குது?"

"தெரியலண்ணே. செத்த நேரம் பாப்போம்."

பொம்மையன் ஆட்டுப் பட்டியின் முள்வேலி ஓரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "ஏம்ப்பா பாய், மேல எதாச்சும் மறைக்குதா? அந்தப் பனமரத்த வேணா வெட்டிருவமா?"

"மரம் இல்லைங்க. மேல ஒண்ணுமே மறைக்கல. இருபது சாட்டிலைட்டுக்கு மேல தெரியுது. இருந்தும் புடிக்க மாட்டேங்குது."

"இருபது பேர் சாட்சிக்கு வந்தும் ஒரு முடிவு இல்லையா? நம்ம கோர்ட்டு தேவலாம் போ."

நாலரைக்கு நியாஸ் கருவி கம்பெனியின் உதவி நம்பருக்குப் போன் போட்டான். குர்கானிலிருந்து தமிழ் பேசுகிற ஒரு பெண் எடுத்தாள். பெயர் சத்யபிரியா என்றாள். ஸ்பீக்கரில் போட்டதால் எல்லாரும் கேட்டோம். ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொன்னாள், பண்ணினான். சிம்மைக் கழற்றி மாட்டச் சொன்னாள், மாட்டினான். அப்புறம் சொன்னாள்: "சார், மேல அயனோஸ்பியர்ல ஆக்டிவிட்டி அதிகமா இருக்கு சார். வெயில் நேரத்துல அப்படித்தான். சூரியன் இறங்கினதும் அடங்கிடும். ஈவினிங் ஏழு மணிக்கு மேல ட்ரை பண்ணுங்க சார்."

"அப்படித்தான்னு முன்னாடியே சொல்லிருந்தா நான் மதியம் வந்திருக்க மாட்டேன்ல மேடம்?"

"ரேட்டிங் குடுத்துருங்க சார்" என்று வைத்துவிட்டாள்.

அவள் சொன்னதில் பொய் இல்லை. வடக்கே, அவள் உட்கார்ந்திருக்கிற இடத்தில் அப்படித்தான். இங்கே அப்படியில்லை என்பது அவளுக்கும் தெரியாது, அன்றைக்கு எங்களுக்கும் தெரியாது.

மறுநாள் ஞாயிறு பொம்மையனுக்கு ஊரில் சாமி கும்பிடு. திங்களும் செவ்வாயும் நியாசுக்குக் கருவி கிடைக்கவில்லை. புதன்கிழமை என்று முடிவானது. நடுவில் ஞானதாஸ் ரெண்டு தடவை என் கடைக்கு வந்து போனார். என்ன எழுதச் சொல்வது என்று அவருக்கே தெரியவில்லை. "கலெக்டருக்கு எழுதுங்க" என்றார். யாரைப் பற்றி என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "மெஷினப் பத்தி" என்றார்.

மார்ச் 12, புதன். பூட்டுப் போட்டு ஒன்பது நாள். வெங்காயத் தாள் நுனி பழுத்துக் கீழே சாய ஆரம்பித்திருந்தது.

நியாஸ் ஆறு மணிக்கே வந்துவிட்டான். நோன்பு திறக்க வீட்டுக்குப் போனால் நேரம் போய்விடும் என்று பேரீச்சம்பழத்தைப் பையில் கொண்டுவந்திருந்தான். ரோஸ்மேரி கேப்பைக்கூழும் வெங்காயமும் சுண்டவத்தலும் தூக்குச்சட்டியில் கொண்டுவந்தாள். ஆறரைக்கு போனில் பாங்கு ஒலித்தது. அவன் பழத்தை வாயில் போட்டான். அவள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். ரெண்டு பேரும் கிணற்று மேட்டில் எதிரெதிரே உட்கார்ந்து கூழ் குடித்தார்கள்.

"வெஞ்சனம் போதுமா தம்பி?"

"போதும்க்கா."

"கடிச்சுக்க. இது வாங்குன வெங்காயம். நம்ம காட்டுல வெங்காயத்த வச்சுக்கிட்டு கடையில வாங்கித் திங்கிறோம், பாரு."

ஏழு மணிக்கு அளக்க ஆரம்பித்தான். பிளோட். குச்சியை மாற்றிப் பிடித்தான். பிளோட். இருபத்திரண்டு சாட்டிலைட் காட்டிக்கொண்டிருந்தது பதினாலாகும், ஒன்பதாகும், திரும்பப் பதினேழாகும். காற்றே இல்லை. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. இவ்வளவு தெளிவான வானத்தில் சிக்னல் ஏன் இப்படிக் குலுங்குகிறது என்று அவனுக்கு அழுகை வராத குறை.

ரோஸ்மேரி பாத்திக்குள் இறங்கி ஒரு செடியைப் பிடுங்கிக் கொண்டுவந்து டார்ச் வெளிச்சத்தில் காட்டினாள். அடியில் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ரெண்டு பற்கள். வேர் காய்ந்த நார் மாதிரி இருந்தது.

"இதப் பாரு தம்பி. இன்னும் ரெண்டு நாளு தாங்கும். மூணாம் நாளு நாங்க இத மாட்டுக்குத்தான் போடணும். ஒன்னையத் தப்பு சொல்லல. காட்டுறேன், அம்புட்டுத்தான்."

அவன் அதைப் பார்த்தான். திரும்பத் திரைக்குக் குனிந்தான்.

ஏழு ஐம்பதுக்குப் பச்சை விழுந்தது. பிக்ஸ்.

அவர்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. பிக்ஸ் விழுந்ததும் நம்பக் கூடாது. தொடர்பை அறுத்துவிட்டு, புதிதாகப் பிடிக்க வைத்து, அதே இடத்தை ரெண்டாம் தடவை அளக்க வேண்டும். ரெண்டும் ஒன்றாக வந்தால்தான் கல். இதை அவனே என்னிடம் பிறகு சொன்னான். அன்றைக்கு அவன் அறுக்கவில்லை. அறுத்தால் திரும்பப் பிடிக்குமோ பிடிக்காதோ என்று பயம். எதிரில் அந்தச் செடியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் நிற்கிறாள். "வந்துருச்சு!" என்று கத்திவிட்டு, நிலத்தின் அளவு போட்ட புலப்படத்துக் கணக்கை வைத்து நடந்து நடந்து போய் ஓர் இடத்தில் குச்சியை ஊன்றினான்.

ஊன்றிய இடத்தை வைத்துக் கயிறு கட்டிப் பார்த்தோம். கோடு கிணற்றுக்குள் ஒரு முழம் உள்ளே போனது.

சோலைமுத்து கல்லை நட்டார். ரெண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கினேன். ஞானதாஸ் பெயரை எழுதும்போது பேனாவை ரெண்டு தடவை உதறினார். மை இருந்தது.

பொம்மையன் ஒன்றும் கூத்தாடவில்லை. அதைச் சொல்ல வேண்டும். "பாதி பாதிதானப்பா, நான் என்ன முழுசாவா கேட்டேன்? ஆனா இந்தக் கோட்டுப்படி அந்த மோட்டாரு எம் பக்கத்து விளிம்புல இருக்கு. அத எடுத்து ஓம் பக்கம் வச்சுக்க. அப்பறம் பூட்டத் தெறக்கலாம்."

"மோட்டார் மாத்தி வைக்கணும்னா திட்டு கட்டணும், பைப்பு இழுக்கணும். நாலு நாளாகுமே பொம்மையண்ணே."

"எழுதுன தாள்ல என்ன இருக்கோ அதான்."

மறுநாள் விடியற்காலை ஆறே காலுக்கு நியாஸ் திரும்ப வந்தான். யாரும் கூப்பிடவில்லை. ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை என்றான். விடியுமுன் சஹர் சாப்பாடு முடித்ததும் அவன் மனைவி ஷப்னம், "அப்பிடி மனசு அறுத்துச்சுன்னா போய் ஒருக்கா வச்சுப் பாத்துட்டுத்தான் ரோட்டுக்குப் போங்களேன்" என்று சொல்லியிருக்கிறாள். குச்சியை ஊன்றினான். இருபது நொடியில் பிக்ஸ். அறுத்தான், மறுபடி பிடித்தான், இருபத்தைந்து நொடி. மூன்றாம் தடவையும் அப்படியே. மூன்று அளவும் ரெண்டு விரலுக்குள் ஒன்றாக விழுந்தன. கோடு கிணற்று விளிம்புக்கு மேற்கே ரெண்டரை அடியில் போனது. நேற்று நட்ட கல் நாலு அடி கிழக்கே நின்றது. கிணறு முழுக்க ஞானதாசுக்கு.

ஞானதாஸ் முதலில் அவனைக் கட்டிப்பிடிக்கத்தான் போனார். பாதியில் நின்றுவிட்டார்.

"நேத்து ஏய்யா இத செய்யல?"

"தப்புத்தான்ணே."

"தப்புன்னா? நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்யா. எழுத்துல இருக்குய்யா. ஒனக்குத் தெரியாதா? மெஷினு பொய் சொல்லும்னு தெரியாதா?"

"ரெண்டாந்தடவ பாத்திருக்கணும். அக்கா அந்தச் செடியக் காட்டுச்சு, எனக்கு..."

"அவ காட்டுவா! ஊருக்கே காட்டுவா! ஒன்னைய அளக்கத்தானய்யா கூப்ட்டோம்?"

அன்றைக்கு வியாழன். பொம்மையன் அய்யலூர் சந்தைக்குக் கிடாய் ஓட்டிப் போயிருந்தார். பதினொன்றரைக்கு வந்தார். நியாஸ் ரோட்டு வேலைக்குப் போகாமல் காத்திருந்தான். விஷயத்தைச் சொன்னான். பொம்மையன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முழுக்கக் கேட்டார்.

"நேத்து ராத்திரி தப்பு. இன்னைக்குக் காலையில சரி. அப்பிடியா?"

"ஆமாங்க."

"நேத்து ஏழு பேரு நின்னோம். இன்னைக்கு யாரு நின்னா? ஞானதாசு நின்னான்."

"ஏங்க, நான் சத்தியமாச் சொல்றேன். மேல ஒரு படலம் இருக்கு. பகல் பூரா வெயில் பட்டு அது தடிச்சுக்கிட்டே போகும், பால்ல ஆடை படியுறாப்ல. மதியத்துக்கு மேல ரொம்பத் தடிப்பு. பொழுது அடைஞ்சதும் அடங்காம அடியிலருந்து குமிழி குமிழியா மேல கெளம்புது. ஒலையில பருப்பு கொதிக்கிற மாதிரி. சாட்டிலைட்டு சிக்னலு அதுக்குள்ள பூந்து வரும்போது நடுங்கிப்போகுது. காலையிலதான் தெளிஞ்சு கெடக்கும். பூமிக்குக் காந்த நடுக்கோடு ஒண்ணு இருக்கு. அது நமக்குத் தெக்க, திருநெல்வேலிப் பக்கமாப் போகுது. அதுக்குப் பக்கத்துல இருக்கிற ஊருக்குத்தான் இந்தத் தொல்ல. மார்ச்சு மாசத்துல அதிகம். இந்த ரெண்டு வருசமா சூரியன் வேற உக்கிரமா இருக்காம். பதினொரு வருசத்துக்கு ஒருக்கா வருமாம். விடிய விடிய நெட்ல படிச்சேங்க."

அவ்வளவும் உண்மை. நானும் பிறகு விசாரித்துப் பார்த்தேன். ஆனால் அந்த வெயிலில், அந்தக் கிணற்று மேட்டில், கிடாய் விற்றுவிட்டு வந்த மனுஷனிடம் சொல்லும்போது அதைப் போல ஒரு புளுகு உலகத்தில் இல்லை என்றுதான் தோன்றியது.

பொம்மையன் சோலைமுத்துவைப் பார்த்தார். "கேட்டியாடா தலையாரி? எனக்குச் சாதகமா விழுந்த ஒடனே சூரியனுக்கு உக்கிரம் வந்துருச்சு. காந்தக் கோடு வந்துருச்சு. எல்லக் கோடு ஒண்ணுதான் காணாமப் போச்சு."

சோலைமுத்து சிரிப்பை அடக்கிக்கொண்டு, "கொடைக்கானல் மேல சூரியனப் பாக்குறதுக்குன்னே ஆபீசு வச்சிருக்கானுகளேண்ணே. ஒரு வார்த்த கீழ எறங்கிச் சொல்லக் கூடாதா?" என்றார்.

"பாய், நீ நல்ல பையன். ஒன்னையக் குத்தம் சொல்லல. ஞானதாசு என்னா சொன்னான்னு மட்டும் சொல்லிரு."

"அல்லா மேல ஆணையா அவுக ஒண்ணும் சொல்லலைங்க!"

"அப்ப நேத்துக் கல்லு நேத்துக் கல்லுதான். போ."

ஞானதாஸ் மண்வெட்டியைத் தேடினார். நானும் சோலைமுத்துவும் அவரைப் பிடித்துக்கொண்டோம். ரோஸ்மேரி வீட்டுக்குள் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை ஞானதாஸ் கொத்தனாரைத் தேடி அலைந்தார், திட்டு கட்ட. வருகிறேன் என்றவர் வரவில்லை. அன்று சாயங்காலம் சிலுவைப்பாதை முடிந்து கோயிலிலிருந்து வந்த ரோஸ்மேரி, வீட்டுக்குப் போகாமல் நேரே பொம்மையன் பட்டிக்குப் போனாள். பொம்மையன் தொட்டியில் வாளியால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அங்கே நடந்ததை ரெண்டு பேரும் தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள். வித்தியாசம் இல்லை.

"அண்ணே, ஒண்ணு கேக்கவா?"

"கல்லப் பத்தின்னா வேணாம்மா."

"கல்லப் பத்தித்தான். சாட்டிலைட்டு ஆளப் பாக்காதுன்னு சொன்னது நீங்க. ஆளப் பாக்காத மெஷினு எத்தன தடவ வச்சாலும் ஒரே எடத்தத்தான காட்டணும்?"

"ஆமா."

"அப்ப இன்னொரு தடவ வைக்கச் சொல்லுங்க. காலையில வேணாம். ராத்திரியே வைக்கட்டும். நீங்க ஜெயிச்ச அதே நேரத்துல. அதே எடத்துல விழுந்துச்சுன்னா நானே எங்க வீட்டுக்காரர் கையப் புடிச்சு மோட்டாரக் கழட்டச் சொல்றேன்."

பொம்மையன் வாளியைக் கீழே வைத்தாராம். "விழலேன்னா?"

"விழலேன்னா நீங்களே சொல்லுங்க என்னா செய்யிறதுன்னு."

மார்ச் 15, சனி. பௌர்ணமிக்கு மறுநாள். ஏழரைக்கு நிலா பனைமரத்துக்குப் பக்கத்தில் பானை மூடி மாதிரி எழும்பி நின்றது. நியாஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணே, இன்னைக்குன்னு பாத்து மேல ஒண்ணுமில்லாமத் தெளிஞ்சு கெடந்துச்சுன்னா? இல்ல, அதே எடத்துலயே தப்பா விழுந்துச்சுன்னா? எங்கையில ஒண்ணும் இல்லண்ணே" என்றான். நோன்பு திறந்தும் அவன் தண்ணீர் தவிர எதுவும் சாப்பிடவில்லை.

முக்கால் மணி நேரம் பிளோட். எட்டரைக்குப் பச்சை. குச்சியை ஊன்றினான். நட்டிருந்த கல்லுக்கு ஒரு சாண் தள்ளி.

"பாத்தியா!" பொம்மையன் தொடையில் தட்டினார். "சாண் என்னா சாண், அது கை நடுக்கம்! அதே எடம்தான்!"

ஞானதாஸ் தலையில் கை வைத்துக்கொண்டார். நியாஸ் யாரையும் பார்க்கவில்லை. தொடர்பை அறுத்தான். ரோஸ்மேரி சொன்னாள்: "இன்னொரு தடவ."

"எத்தன தடவம்மா?"

"நீங்கதான எத்தன தடவ வச்சாலும்னு ஒத்துக்கிட்டீக."

மறுபடி இருபது நிமிஷம். சாட்டிலைட் எண்ணிக்கை விழுந்து எழுந்தது. பச்சை வந்தது. நியாஸ் திரையைப் பார்த்துக்கொண்டே மேற்கே நடந்தான். கல்லைத் தாண்டினான். கிணற்று விளிம்பைத் தாண்டினான். போய்க்கொண்டே இருந்தான். பட்டியின் முள்வேலிக்கு முன்னால் நின்று, குச்சியைத் தூக்கி, வேலிக்கு அந்தப் பக்கம் எட்டி ஊன்றினான். உள்ளே ஆடுகள் எழுந்து விலகின.

"என்னாப்பா, அங்க எதுக்குப் போற?"

"இதான் இப்ப எல்லைன்னு காட்டுதுங்க."

"எங்க?"

"ஒங்க பட்டிக்குள்ள. ஒரு அடி உள்ள."

ஞானதாஸ் துள்ளி எழுந்தார். "அங்கயே போடு கல்ல! சோல, எடு கல்ல! பச்ச விழுந்துருச்சுல்ல? சாட்டிலைட்டு ஆளப் பாக்காதுல்ல?"

"வாய மூடிட்டு உக்காருங்க" என்றாள் ரோஸ்மேரி.

பொம்மையன் முள்வேலிக்குள் குச்சி நின்ற இடத்தையே பார்த்தார். பிறகு அவருக்குக் கோபம் வந்தது. எங்கள் எல்லாருக்கும் பத்து நாளாக இருந்த அதே கோபம், யார் மேல் என்று தெரியாதது.

"இந்தக் கருமத்தையா நான் நம்பிக் கெடந்தேன்? அன்னைக்குக் கெணத்துக்குள்ள, இன்னைக்குப் பட்டிக்குள்ள, நாளைக்கு எம் பொண்டாட்டி அடுப்பங்கரைக்குள்ள விழுமா? காலையில மட்டும் இது யோக்கியமாயிருமாக்கும்?"

"காலையில ஆயிரும்ங்க" என்றான் நியாஸ். "நீங்களே எதையாச்சும் வச்சுச் சோதிச்சுப் பாருங்க."

பொம்மையன் யோசித்தார். "நாளைக்குக் காலையில எம் பட்டிய நான் கயித்துல அளப்பேன். இந்த மூலத்தூணுலருந்து அந்த மூலத்தூணு. எம்புட்டுன்னு ஒனக்குச் சொல்ல மாட்டேன். இவருகிட்ட மட்டும் சொல்லுவேன், எழுதி மடிச்சு வைப்பாரு. ஓம் மெஷினு சரியாச் சொன்னா மிச்சத்தையும் கேக்குறேன்."

ஞாயிற்றுக்கிழமை. ரோட்டு வேலைக்கு லீவு. ஆறு மணிக்கே எல்லாரும் வந்துவிட்டோம். ரோஸ்மேரி காலைப் பூசைக்குப் போகவில்லை. பொம்மையன் தாம்புக் கயிற்றைத் தூணில் கட்டி இழுத்து, கயிற்றைத் தரையில் போட்டு டேப்பால் அளந்து, என் காதில் சொன்னார். எழுதி மடித்து பையில் வைத்துக்கொண்டேன். நாற்பத்திரண்டு அடி ரெண்டு அங்குலம்.

நியாஸ் முதல் தூணில் வைத்தான். இருபது நொடி. ரெண்டாவது தூணில் வைத்தான். திரையில் தட்டினான்.

"பன்னெண்டு மீட்டர் எம்பத்தி நாலுங்க. அடிக்கணக்குல நாப்பத்திரெண்டு அடி, ஒண்ணர அங்குலம்."

நான் தாளைப் பிரித்துக் காட்டினேன். பொம்மையன் படிக்கத் தெரியாதவர் போல அதை ரொம்ப நேரம் பார்த்தார்.

"அர அங்குலம் எங்க போச்சு?" என்றார்.

"கயித்துத் தொய்வா இருக்கும்ண்ணே" என்றார் சோலைமுத்து.

"சரி. எல்லயக் காட்டு."

மூன்று தடவை வைத்தான். மூன்று தடவையும் அறுத்துவிட்டு வைத்தான். கிணற்று விளிம்புக்கு மேற்கே ரெண்டரை அடி. பழைய கல்லைப் பிடுங்கி அங்கே நட்டார்கள். பழைய தாளை நான் எல்லார் முன்னாலும் ரத்து என்று எழுதிப் புதுத் தாள் எழுதினேன். பொம்மையன் கையெழுத்துப் போடும் முன் சொன்னார்: "மணியையும் போடும். காலையில அளந்ததுன்னு. நாளப்பின்ன எவனாச்சும் ராத்திரி வந்து அளந்துட்டு நிக்கப்போறான்." போட்டேன்.

"தெறந்து விடு சோல" என்று சொல்லிவிட்டு அவர் பட்டிப் பக்கம் நடந்தார்.

ஏழு ஐந்துக்கு மோட்டார் ஓடியது. பதின்மூன்று நாள். ரோஸ்மேரி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மண்வெட்டியோடு முதல் மடையில் நின்றாள். மண் பாளம் பாளமாக வெடித்திருந்ததால் தண்ணீர் ஓடவில்லை. வெடிப்புக்குள் போய்க்கொண்டே இருந்தது. முதல் பாத்தி நிறைய அரை மணி நேரம். பாதிச் செடிகள் வைக்கோல் நிறம். தண்ணீர் பட்டதும் அவை தண்ணீரோடு மிதந்து வந்து வரப்பில் ஒதுங்கின.

நியாஸ் கருவியைப் பெட்டியில் வைத்துக் கட்டிவிட்டும் போகவில்லை. ஷூவைக் கழற்றிவிட்டு வரப்பில் வந்து நின்றான்.

"அக்கா, என்னயத் திட்டுங்கக்கா. ஒரு வார்த்தயாச்சும் சொல்லுங்க."

அவள் மடையை வெட்டித் திருப்பிவிட்டு நிமிர்ந்தாள்.

"ஒம் மேல கோவம் இல்லன்னு சொன்னா பொய்யி. அன்னைக்கு நீ எனக்குப் பாவம் பாத்து அவசரப்பட்ட. அதுல போனதுதான் இது." மிதந்து கிடந்த தாளைக் காலால் ஒதுக்கினாள். "இனிமே எவ வந்து எந்தச் செடியக் காட்டுனாலும் பாவம் பாக்காத. ஓஞ் சோலியப் பாரு. இப்ப இங்க நிக்காத, அந்தக் கடைசி வாய்க்கால்ல ஒடப்பு எடுத்திருக்கு. போய் மண்ண அள்ளிப் போடு."

அவன் போனான். நோன்போடு குனிந்து கையாலேயே மண்ணை அள்ளி அடைத்தான்.

அதற்குள் பொம்மையனின் ஆடுகள் வாய்க்கால் ஓரமாக வந்து வரிசையாகத் தலையைக் குனிந்து தண்ணீர் குடித்தன. யாரும் கூப்பிடவில்லை. யாரும் விரட்டவும் இல்லை. பொம்மையன் தொரட்டியை ஊன்றிக்கொண்டு புதுக் கல்லுக்கு அந்தப் பக்கம் நின்றார். ஞானதாஸ் அவரைப் பார்த்தார், பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

மொத்தம் தொண்ணூறு பாத்தி. பதினேழாவது பாத்தியில் தண்ணீர் பாதி தூரம் போனபோது மோட்டார் சத்தம் நின்றது. மணி ஒன்பது. திரீபேஸ் கரண்டு போய்விட்டது. இனி மதியத்துக்கு மேல்தான்.

ஞானதாஸ் வாய்க்கு வந்ததை எல்லாம் சொல்லித் திட்டினார்.

பொம்மையன் அந்தப் பக்கத்திலிருந்து குரல் கொடுத்தார்: "ஏம்ப்பா பாய், இதுக்கும் சூரியன்தான் காரணமா?"

நியாஸ் சேற்றுக் கையோடு நிமிர்ந்தான். "இல்லைங்க. இது கீழ இருக்கிற கோளாறு."

சோலைமுத்து சிரித்தார். பொம்மையனும் சிரித்தார். கடைசியில் ஞானதாசுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ரோஸ்மேரி சிரிக்கவில்லை. பதினேழாவது பாத்தியில் பாதிக்குப் போன தண்ணீர் மேலே நகராமல் மண்ணுக்குள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு, மீதிப் பாதிக்கு மடையைத் திறந்து வைத்தபடியே நின்றாள்.